ஒரு அறிவித்தலுக்கு வேண்டிய மூச்சு

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் இப்போதும் சிலர் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுட்டீங்களாண்ணே? நல்லது, நல்லது" என்கிறார்கள். நான் சிரிக்கப் பார்ப்பேன். என் சிரிப்பு இப்போது முழுதாக வருவதில்லை. மேலுதடு மட்டும் தூக்கிக்கொண்டு, கோபக்காரன் முகம் மாதிரி ஆகிவிடும். அவர்கள் கையை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் எதையும் விடவில்லை. சாராயத்தை நான் தொட்டதே இல்லை. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். இதே வியாதி வேறு யாருக்காவது தொடங்கியிருந்து, அவர்களும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் உதவலாம்.

என் பெயர் மருதமுத்து. வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர்களும் அதற்கு மேல் பேசவில்லை. பசாரில் ஒரு கடைக்கு மேலே எங்கள் கேபிள் டிவி நடக்கிறது. முதலில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு வயர் இழுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். பதினான்கு வருசத்துக்கு முன் வாசிக்கிறவர் டுபாய்க்குப் போய்விட்டார். அன்றைக்கு முதலாளி என்னைப் பிடித்து கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"நமக்குக் கூச்சம் முதலாளி" என்றேன்.

"ஒன்னைய யாரு கேமராவப் பாக்கச் சொன்னா? துண்டப் பாத்து வாசி, போதும்."

அப்படித்தான் நான் மரண அறிவித்தல் வாசிக்கிறவன் ஆனேன். தோட்டத்தில் ஒருவர் இறந்தால் வீட்டிலிருந்து யாராவது ஒரு துண்டுக் காகிதத்தில் விவரம் எழுதிக்கொண்டு வருவார்கள். பொகவந்தலாவையிலும் கொட்டகலையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் மறுநாள் புறப்படுவார்கள். தினமும் மாலை ஆறரைக்கு வாசிப்பேன். கேமராவை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். "காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும்" என்று தொடங்கி, மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லோரையும் சொல்லி "ஆவார்" என்று முடிக்கும்வரை மூச்சு விடமாட்டேன். நடுவில் விட்டால் யாரோ ஒரு உறவைக் கைவிட்ட மாதிரி எனக்கு இருக்கும். என்னிடம் இருந்த ஒரே கெட்டித்தனம் அதுதான்.

போன வருசம் மழைக்காலத்தில் துண்டில் இருந்த எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. காலையில் ஒன்றும் இருக்காது. மாலையானால் ஒரு பெயருக்கு மேல் இன்னொரு பெயர் ஏறி நிற்கும். கண்ணாடிக் கடையில் கண்ணாடி எழுதித் தந்தார்கள். அதைப் போட்டும் இரண்டுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகத் தெரிந்தது. அப்படியே வாசித்தேன்.

மறுநாள் டெலிபோன் வந்தது. கரகரத்த குரல். பெயர் சொல்லவில்லை, தோட்டத்தின் மேல் பிரிவு ஆள் என்று மட்டும் தெரிந்தது.

"மேல்கணக்குல இருந்து பேசுறேன். சாவுச் சேதி வாசிக்கிறவரு நேத்து எதுக்குக் கண்ணடிச்சாரு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு மாதத்தில் குரலும் போக ஆரம்பித்தது. முதல் மூன்று துண்டு சரியாக வரும். நாலாவதில் நாக்கு தடித்துக்கொள்ளும். ஐந்தாவதில் வார்த்தையெல்லாம் மூக்கால் வரும். மேல்கணக்கு ஆள் திரும்பவும் எடுத்தார். "செத்தவங்களுக்கு ஒரு மரியாத வேணாமா? குடிச்சிப்புட்டு உக்காந்து வாசிக்கிறாரே!"

தொண்டைக்கு நல்லதென்று நினைத்து வாசிக்கப் போகுமுன் ஏலக்காயும் கராம்பும் வாயில் போட்டுக்கொள்வேன். அதுவே எனக்கு எதிராகப் போனது. எங்கள் பக்கத்தில் ஏலக்காய் மணத்தோடு ஒரு ஆம்பிளை வந்தால், எதை மறைக்கிறான் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். முதலாளி ஒரு நாள் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"ஊது பாப்போம்."

ஊதினேன். ஊதக்கூட எனக்குப் பலம் இல்லை. கன்னத்தில் காற்று நிற்காமல் உதட்டோரமாகப் போய்விட்டது.

"ஏலக்கா" என்றார். "பதினாலு வருசம் என்கிட்ட இருந்துட்டு ஏலக்கா திங்கிறியே மருது."

அப்போது சொல்லியிருக்கலாம், எனக்கு உடம்புக்கு என்னவோ ஆகிறது என்று. சொல்லவில்லை. அறைக்கு வந்து சோறு தின்ன உட்கார்ந்தேன். பாதியில் தாடை களைத்துவிட்டது. கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மென்றேன். பிளேன்டீ குடித்தால் மூக்கால் வந்தது. இதை யாரும் பார்க்காதது நல்லது என்று நினைத்தேன். பார்க்க ஒரு ஆள் இல்லையே என்றும் நினைத்தேன்.

கடைசியில் ஒரு நாள் மூன்றாம் துண்டிலேயே குரல் நின்றுபோனது. முதலாளி பாட்டைப் போட்டுவிட்டு, "நாளைக்கு வரவேணாம். சரியானதும் வா" என்றார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு சின்ன வயது சிங்கள டொக்டர். வெளிநோயாளர் வரிசையில் என் இலக்கம் வரும்போது பிற்பகல் ஆகிவிட்டது. அதுவும் நல்லதாகப் போனது. காலையிலென்றால் என் கண் நன்றாகவே இருந்திருக்கும். இடது இமை பாதி மூடியிருந்ததைப் பார்த்தவர் ஒரு கையுறைக்குள் ஐஸ்கட்டி போட்டு, கட்டி, இமை மேல் வைத்தார். இரண்டு நிமிசம். எடுத்ததும் இமை கதவு மாதிரித் திறந்துகொண்டது. அவர் பக்கத்திலிருந்த தாதியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் உடைந்த தமிழில் கேட்டார்: "ஐயா குடிக்கிறதா?"

"இல்ல சேர்."

"எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் அப்படிச் சொல்றது, இல்லையா?"

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அழக்கூட முகம் சரியாக ஒத்துழைக்கவில்லை.

அவர் கண்டியிலிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே நரம்பு வைத்தியர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அவர் பேசுவது எனக்கு முதலில் பாட்டு மாதிரி இருந்தது. கையிலும் முகத்திலும் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள், எறும்பு கடிக்கிற மாதிரி. முதல் அடிக்குத் தசை நன்றாகத் துள்ளும், போகப் போகக் குறையும். இரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். நெஞ்சை ஸ்கேன் பண்ணினார்கள். இந்த வியாதிக்காரரில் சிலருக்கு நெஞ்சுக்குள் ஒரு சுரப்பியில் கட்டி இருக்குமாம். எனக்கு இல்லை.

"இதுக்குப் பேர் மயஸ்தீனியா" என்றார் அந்த அம்மா. "நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும். வாங்கிற இடத்தை உங்கட உடம்பே எதிரி எண்டு நினைச்சு அடைச்சுப்போடுது. செய்தி போகுது, போய்ச் சேரேல்லை. விளங்குதோ?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் தொழில்.

"மாறுமா டொக்டர்?"

"முழுசா மாறாது. கட்டுப்படுத்தலாம். குளுசையை நேரத்துக்குப் போடுங்கோ. பயப்பிடாதேங்கோ."

பிறகு ஒரு சோதனை. நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். நெஞ்சுத் தசைக்கு எவ்வளவு பலம் என்று இதில் தெரியுமாம். சுகமான ஆள் ஐம்பதுக்குக் கிட்டப் போவான். நான் பத்தொன்பதில் நின்றேன். அன்றைக்கு வார்டில் படுத்துக்கொண்டு மனதுக்குள் ஒரு அறிவித்தலை வாசித்தபடி விரலால் எண்ணிப் பார்த்தேன். நடுத்தரமான ஒரு குடும்பத்துக்கு இருபத்தாறு வரை போகிற மூச்சு வேண்டும். எனக்கு ஏழு குறைந்தது. மற்ற எதையும் விட அந்த ஏழுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாசிக்காவிட்டால் நான் என்ன ஆள்? பசாருக்கு மேலே ஒரு அறையில் தனியாக இருக்கிற ஒரு ஆள்.

வார்டில் என்னைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. எதிர்க் கட்டிலில் தலவாக்கலைப் பக்கத்து ஆள் ஒருவர். பார்க்க வந்த அவர் மனைவி என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இவரு டிவியில சாவு வாசிக்கிறவருங்க! இங்க எதுக்கு வந்திருக்காரு?"

"எனக்கு உடம்புக்கு வருத்தம்மா" என்றேன். என் குரல் அன்று மூக்கால் வந்தது. அவளுக்கு அது இன்னும் மோசமாகக் கேட்டிருக்கும்.

அவள் தாதியிடம் போய்க் கட்டிலை மாற்றக் கேட்டாள். மாலைக்குள் எதிர்க் கட்டில் காலியானது. பார்க்கிற நேரத்தில் தமிழ் ஆட்கள் என் பக்கமாக நடக்காமல் சுற்றிப் போனார்கள். கோபிக்க முடியாது. பதினான்கு வருசமாக என் வாயிலிருந்து ஒரு நல்ல செய்தி அவர்கள் கேட்டதில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் அசையவில்லை. கினிகத்தேனையைச் சேர்ந்த சிங்கள பஸ் டிரைவர், பெயர் சுனில். பொகவந்தலாவை ரோட்டில் இருபது வருசம் ஓடியவர். தமிழ் நன்றாகப் பேசுவார். "முத்து மஹத்தயா, என் பேர் ஒங்க லிஸ்ட்ல இருக்கா பாத்துச் சொல்லு" என்பார். "இல்லையா? அப்ப இன்னிக்கு ஆஸ்பத்திரிச் சோறு தின்னலாம்." அவருக்கு அவருடைய மனைவி கொண்டுவருகிற கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றுவார். கெட்டியாக இருந்தால் எனக்கு இறங்கும், தண்ணீராக இருந்தால் இறங்காது என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இந்த வியாதிக்கு ஆகாது. எச்சிலை விழுங்க முடியவில்லை. டொக்டர் எண்ணச் சொன்னார். ஒன்பதில் நின்றேன். அடுத்த தடவை ஆறு. உடனே கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சுனில் பின்னாலிருந்து, "மெதுவா, மெதுவா, வளைவு இருக்கு!" என்று கத்தியது கேட்டது.

அவசர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டு, மெசின் எனக்காக மூச்சு விட்டது. பதினோரு நாள். இரத்தத்தை வெளியே எடுத்து, அதிலிருக்கிற கெட்டதைப் பிரித்து, திரும்ப உடம்புக்குள் விட்டார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், ஐந்து தடவை. நினைவு முழுக்க இருந்தது. பேச்சுத்தான் இல்லை. கையில் ஒரு பென்சிலும் காகிதமும் கொடுத்தார்கள். நான் தமிழில் எழுதினேன். அங்கிருந்த தாதிமாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்கள் குறை அல்ல, என் சிங்கள எழுத்து அதைவிட மோசம். அவர்கள் அந்தக் காகிதங்களை எறியாமல் தலைமாட்டில் சேர்த்து வைத்தார்கள். பின்னேரம் யாழ்ப்பாணத்து அம்மா வந்ததும் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்தார்கள். அவர் நின்றுகொண்டே சத்தமாக வாசித்தார்.

"முதுகு வலிக்குது. லைட்டைக் குறைக்க முடியுமா. அக்காவுக்குச் சொல்லியாச்சா. தண்ணி. அக்காவுக்குச் சொல்லியாச்சா."

என் துண்டை ஒருவர் வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுதியவன் இவ்வளவு தனியாள் என்று கேட்கும்போதுதான் தெரிந்தது.

அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். பாக்கியம் அக்கா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அன்றைய பேரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தாள். நான் வார்டுக்குத் திரும்பியிருந்தேன். குழாய் எடுத்த தொண்டையால் காற்றுத்தான் வந்தது. அவள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, வழக்கம்போல ஏசினாள்.

"நாக்கு இழுக்குது, கண்ணு சொருகுதுன்னா சொல்றதுக்கு என்ன? லயத்துல எல்லாம் என்னா பேசுனாங்க தெரியுமா? ஒந் தம்பி வாய்க்குள்ள போத்தலு வச்சிக்கிட்டே வாசிக்கிறாருன்னு சொன்னாங்க. நா என்னாத்தச் சொல்ல? நானும் நம்பிட்டேன்டா."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலைப் பிடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு சொன்னாள், "இப்ப ஒன் எடத்துல யாரும் வாசிக்கிறதில்ல. எழுத்தாப் போடுறானுங்க. கீழ ஓடுது. பின்னால பாட்டு. எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? நம்ம லயத்து சின்னான் மாமாவோட அக்கா செத்தது அந்த எழுத்துல ஓடியிருக்கு. மனுசன் அதப் பாத்துக்கிட்டேதான் சோறு தின்னுருக்காரு. அடக்கம் பண்ணி மூணு நாளைக்குப் பொறகுதான் தெரியும்."

நான் பென்சிலைக் கேட்டேன். 'அவர் எப்படி இருக்கிறார்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது நினைவு வந்தது. அவள் காகிதத்தை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பின அன்று நான் ஒரே மூச்சில் முப்பத்திரண்டு வரை எண்ணினேன். சுனில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். ஆனால் அது காலை எட்டு மணிக்கு. மாலை ஆறுக்கு எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அடுத்த நாளும் அப்படியே. இந்த வியாதி காலையில் பூவாக இருந்து மாலையில் வாடிவிடும். குளுசை நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. போட்டு ஒரு மணித்தியாலத்தில் பலம் வரும், பிறகு இறங்கும். வயிற்றைப் பிசையும். இன்னொரு குளுசையால் முகம் உப்பிவிட்டது. காய்ச்சல், தடிமனுக்குக் கண்ட மருந்தும் எடுக்கக்கூடாது, சில மருந்து இந்த வியாதியைக் கூட்டிவிடும். எந்த டொக்டரிடம் போனாலும் வியாதியின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் அதை எழுதிய ஒரு அட்டை வைத்திருக்கிறேன்.

ஹட்டனுக்கு வந்து முதலாளியிடம் போய் அந்த அட்டையைக் காட்டினேன். அவர் எழுந்து நின்றார். அதற்கு முன் அவர் எனக்காக எழுந்ததில்லை. "ஊதச் சொன்னேனே" என்றார்.

"காலையில வாசிக்கிறேன் முதலாளி. ஆறு மணிக்கு. அந்த நேரம் கொரலு நிக்கும்."

"காலங்காத்தாலயா? எந்திரிச்சதும் மொதத் தேத்தண்ணியோட சாவுச் சேதியா? கல்லால அடிப்பானுங்க."

எனக்கு இவ்வளவு வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அடக்கம் பின்னேரம் மூணு மணிக்குத் தானுங்களே. காலையில தெரிஞ்சா வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்குப் போகாம நேரா பஸ் ஏறலாம். எழுத்துல போட்டா வாசிக்கத் தெரியாத சின்னான் மாமா மாதிரி ஆளுக்கு யாரு சொல்றது?"

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "பக்திப் பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தி."

"சாமிய அனுப்பிட்டு அப்பறம் ஒன்னைய விடுறேன்" என்றார்.

முதல் நாள் நாலரைக்கே எழும்பிக் குளுசை போட்டேன். ஏலக்காய் போடவில்லை. நாலு துண்டு இருந்தது. ஐந்தாவதை நானே எழுதி மேலே வைத்திருந்தேன். அதை முதலில் வாசித்தேன்.

"காலஞ்சென்ற பெரியசாமி, மீனாட்சி தம்பதியரின் மகனும், பாக்கியத்தின் தம்பியுமாகிய மருதமுத்து காலமாகவில்லை. அவருக்குத் தசைகள் களைத்துப்போகும் ஒரு வியாதி இருக்கிறது. குடிப்பழக்கம் இல்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

கேமராவுக்குப் பின்னால் முதலாளி இருமினார்.

மற்ற நாலில் முதல் இரண்டும் நன்றாகப் போயின. மூன்றாவது ஒரு பெரியவர். ஒன்பது பிள்ளைகள். எல்லோருக்கும் மருமக்கள். ஆறாவது பிள்ளையின் பெயரில் என் மூச்சு முடிந்துவிட்டது. பழைய ஆளாக இருந்தால் எப்படியாவது இழுத்துக்கொண்டு போய் நாக்கைக் குழறியிருப்பேன். துண்டைக் கீழே வைத்தேன். பார்க்க வேறு இடமில்லாமல் கேமராவைப் பார்த்தேன். பதினான்கு வருசத்தில் முதல் தடவை. கறுப்பாக, வட்டமாக, ஒரு கண். அதற்குள் யாரும் தெரியவில்லை. முதலாளி பாட்டைப் போடப் போன கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மூச்சு வரும்வரை சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் போல இருந்தது.

அந்த நேரம் டெலிபோன் அடித்தது. முதலாளி எடுத்தார். கேட்டுவிட்டு அதை என் பக்கம் நீட்டிப் பிடித்தார். தெரிந்த கரகரப்பு.

"மேல்கணக்குல இருந்து பேசுறேன். மெதுவா வாசிக்கச் சொல்லுங்க. நாங்க எங்கயும் போகல. பெரட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு."

துண்டை எடுத்து ஏழாவது பிள்ளையின் பெயரிலிருந்து வாசித்தேன்.